மேல்வயல் தண்ணீர்

ஆய்க்குடியில் பேராச்சியின் கத்தரி வயலைத் தெரியாதவர்கள் குறைவு. மக்கிய சாணத்தில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து, வேப்பமர நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி வைப்பாள். அது பெருகியதும், நாற்று நடுவதற்கு முன்பு வயல் முழுக்கத் தூவுவாள். புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாகத் தேற்றிய மண் அது. வேரழுகல் குறைந்து, மண்புழு திரும்ப வந்திருந்தது.

அதை அடுத்துச் சரிவிலிருந்த கீழ்வயல் அகமது கபீருடையது. துபாயை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்தவர்.

"மண்ணுக்குள்ள உசுரு இருக்கு தம்பி. மருந்தை ஊத்தி அதைக் கொன்னுராதிய" என்று பேராச்சி சொன்னாள். அவர் நம்பினார். அவரும் கத்தரி நட்டு, அவள் செய்தபடியே செய்தார்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. ஒரு மத்தியானம் பேராச்சியின் செடிகள் சில, இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு தொங்கின. ஒரு தண்டை அறுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பிடித்தாள். வெட்டுவாயிலிருந்து பால்போல வெள்ளையாக இழை இறங்கியது. வாடல் நோய். அதுவும் மண்ணில் வாழும் பாக்டீரியாதான். செடியைக் கொல்லும் இனம்.

கபீரிடம் அவள் சொல்லவில்லை. தான் வளர்த்த நல்ல பாக்டீரியா இதை அடக்கிவிடும் என்று நினைத்தாள். சொன்னால் இனி யார் தன் பேச்சைக் கேட்பார்கள் என்ற பயமும் இருந்தது. சூடோமோனாஸைக் கரைத்துக் கரைத்து வேரில் ஊற்றினாள். மழைத் தண்ணீரோ நோயையும் சேர்த்துக்கொண்டு கீழ்வயலுக்கு வடிந்தது.

அடுத்த வாரம் கபீர் பிடுங்கிய செடியோடு வந்தார்.

"அக்கா, இது என்னன்னு பாருங்க."

"வாடல் தம்பி. என் வயல்ல முன்னமே வந்துட்டு."

அவர் கத்தவில்லை. செடியைக் கீழே போட்டார்.

"அப்பவே சொல்லிருந்தா வாய்க்காலையாவது அடைச்சிருப்பேம்லா."

பார்க்க வந்த வேளாண் அதிகாரி, நல்ல பாக்டீரியா முன்கூட்டியே இருந்தால் நோயை ஓரளவு தடுக்கும், இவ்வளவு பரவிய பிறகு ஒழிக்காது என்றார். இரண்டு வயலிலும் சில வருஷத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் கூடாதாம். செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள்.

தை பிறந்ததும் கபீர் மறுபடி துபாய்க்குப் போய்விட்டார். பேராச்சியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் மக்காச்சோளம் விதைத்தாள். நம்பிக்கை போன பிறகும் சாண உரத்தைக் கலந்துகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் ஒரு கூடை உரத்தோடு கபீரின் மனைவி ஹாஜரா பீவியைத் தேடிப் போனாள்.

"உங்க வயல்லயும் தூவிப் போடட்டுமா தாயி?"

ஹாஜரா கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"வேண்டாங்க்கா. அதை அப்படியே விட்டுருங்க. நீங்க அங்கன போகாண்டாம்."

பேராச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வரப்பில் நின்று பார்த்தபோது கீழ்வயல் முழுக்கக் கோரை முளைத்துக் கிடந்தது.