ஐப்பசிக்காரரை ஆனியில் அனுப்பிய கதை

தேதி அடிக்கிற வேலை சுலபம் என்று சொல்கிறவர்கள் அடுத்தவர் எழுதிய தேதியை அடித்துப் பார்த்ததில்லை. பாரம் நிரப்பும்போது முதலில் நாளா மாதமா என்று ஒரு நொடி பேனாவைத் தூக்கிப் பிடித்தவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஜாதி.

எண்பதுகளின் கடைசியில் சமயநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் உட்கார வைக்கப்பட்டவள் நான்.

பிறை பதினேழு

தொழிலாளர்களின் பிறந்த தேதியை எல்லாம் கட்டம் போட்ட தாள் மாதிரி திரையில் ஏற்ற வேண்டும். மெஷின் ஃபிட்டர் காதர் பாய் தன் பாரத்தில் "ரமலான் பிறை 17" என்று எழுதியிருந்தார். அடித்துப் பார்த்தேன். மெஷின் கீச்சென்று கத்தியது. இங்கிலீஷ் தேதி வேண்டும் பாய் என்றேன்.

"பிறை தெரியாத மெஷின எதுக்கும்மா இம்புட்டு ஏசி போட்டு வச்சிருக்காக?"

சென்னையிலிருந்து பிளாப்பி

பழைய ஆட்களின் விவரத்தைச் சென்னைத் தலைமை ஆபீசில் முன்பே அடித்து பிளாப்பியில் அனுப்பினார்கள். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். என் தாளோ முதலில் வருவதை நாள் என்றே படிக்கும். ஏற்றியதும் பாதித் தேதிகள் தேதியாக மாறாமல் முறைத்துக்கொண்டு நின்றன. பதிமூன்றாவது மாதம் ஏது? ஒரு வாரம் உட்கார்ந்து அவற்றை மட்டும் கையால் திருப்பிப் போட்டேன். நாள் பன்னிரண்டுக்குள் இருந்தவை சத்தமில்லாமல் மாதமாகி உட்கார்ந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. சூப்பிரண்டும் கவனிக்கவில்லை.

"நிக்கிறத மட்டும் பாரும்மா, உக்காந்ததத் தொந்தரவு பண்ணாத."

மாலை போட்டாகிவிட்டது

ராமையா அண்ணன் ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம் நின்றவர். பிறந்தது நவம்பர் ஏழு. சென்னை 11/7 என்று அனுப்பியதை என் பட்டியல் ஜூலை பதினொன்று என்றது. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அந்த ஜூலையில் அவருக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்தார்கள். மில் குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டில் அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டு மாசம்.

விஷயம் தெரிந்ததும் பழைய ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தப்பு என்னுடையது என்று அழுதே சொன்னேன். சென்னைக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்றார் சூப்பிரண்டு. மறுநாள் வேனில் சாமான்களுக்கு நடுவே அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோழவந்தானில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். ராமையா அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை.

"நான் ஐப்பசி அடமழையில பொறந்தவன் தாயி, என்னைய ஆனி வெயில்ல அனுப்புறீகளே."

பதில் வந்தது

சென்னையிலிருந்து பதில் தை மாதம் வந்தது. ராமையா நவம்பர் ஏழு வரை பணியில் தொடரலாம் என்று அனுமதித்திருந்தார்கள். நவம்பர் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தபாலில் அனுப்ப மனசு வராமல் நானே பஸ் ஏறினேன். ஒண்டுக்குடித்தன வாசலில் பேரனை மடியில் போட்டிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு குழந்தையைக் காட்டினார்.

"இவன் பொறந்த தேதிய பஞ்சாயத்து ஆபீசுல எழுதையில மாசத்த எழுத்துலயே எழுதச் சொல்லிட்டேன் தாயி, நம்பரே வேணாம்னுட்டேன்."

கேள்வி கேட்காமல் கட்டத்துக்குள் போய் உட்காருகிற தேதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று கற்றுக்கொள்ள, எனக்கு இன்னொருத்தர் வீடு பறிபோக வேண்டியிருந்தது.