வயிற்றில் தெரிந்த எண்கள்

தாய்லாந்தின் நொந்தபுரி படகுத்துறைச் சந்தையில் லாட்டரிச் சீட்டு விற்கும் தொங்சுக் அண்ணனுக்கு முகத்தைவிட வயிறுதான் பிரபலம். சீட்டு வாங்க வருகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்காக அதை ஒரு தடவு தடவிய பிறகே சீட்டுத் தட்டில் கை வைப்பார்கள். அதிர்ஷ்டம் தரும் தொந்தி பிக்குவின் சிலையைத் தடவ வேண்டுமென்றால் கோயில் வரை நடக்க வேண்டும். இவர் பக்கத்திலேயே இருந்தார். எதிரில் வாழைப்பழம் சுட்டு விற்பவள் நான். என் பழப் பிசுக்கோடு தடவினாலும் அவர் முகம் சுளித்ததில்லை.

ஆனால் அந்த வயிற்றால் அவருக்கு ஒரு சங்கடம். காப்பி வண்டிக்காரி லம்துவனை இந்தப் பௌர்ணமிக்கு ஆற்றில் விளக்கு மிதக்கவிடத் தன்னோடு வரும்படி அழைக்க வேண்டும். அவள் கணவனை இழந்தவள், பேச்சில் கறார். அவர் அழைக்க வாயெடுத்து நெருங்கும்போதெல்லாம் வயிறு முந்திப்போய் அவளுடைய கண்ணாடித் தம்ளர்களைத் தட்டிவிடும்.

"பேச்சு வர்றதுக்கு முன்னாடி வயிறு வந்துடுது உங்களுக்கு," என்றாள் ஒருநாள். வயிறு போன பிறகுதான் அழைப்பது என்று அவர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

டாக்டர் வாரி இரண்டு வழி சொன்னார். குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சலாம். தழும்பு சிறியது, ஆனால் தோல் காலிப் பைபோல் தொங்கக்கூடும். அல்லது அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு கீறி, மிஞ்சிய தோலை வெட்டிவிட்டுத் தசையை இழுத்துத் தைக்கலாம். தொப்புளுக்குப் புது இடம், கொஞ்ச நாள் கூன் நடை. அண்ணன் விழித்ததைப் பார்த்து, டாக்டர் ஊதாப் பேனாவை எடுத்துக் குழாய் போகும் இடங்களை வயிற்றிலேயே வட்டம் வட்டமாக வரைந்து காட்டி, யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

அந்த மை சோப்புக்கு அசையவில்லை. குலுக்கலுக்கு முந்திய நாள், வியாபார மும்முரத்தில் சட்டைப் பொத்தான் தெறித்தது. மீன்காரி ராம்பாய் பார்த்துவிட்டாள். மரத்தண்டில் பவுடர் தேய்த்து லாட்டரி எண் தேடுகிற ஊர் இது. டப்பாவோடு ஓடிவந்து வயிறு முழுக்கப் பூசினாள்.

"மூச்சை இழுக்காதீங்கண்ணே. எட்டு ஏழாயிடுது."

கூச்சத்தில் அவர் சிரிக்க, எண்கள் குலுங்கின. அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் வாங்கினார்கள். மதியத்துக்குள் தட்டு காலி.

ஒருவருக்கும் பரிசு விழவில்லை. வயிற்றைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பழி குழாய் வட்டங்களின் மேல் விழுந்தது.

"கத்திக்கு வரைஞ்சிட்டு வாங்கண்ணே," என்றாள் ராம்பாய்.

போனார். இம்முறை நீளமாக ஒரு வளைவும், தொப்புளைச் சுற்றி ஒரு வளையமும். அடுத்த குலுக்கலில் அதுவும் பலிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வரைந்தால்தான் முழு எண் வரும் என்று சந்தை கூடித் தீர்மானித்தது. பௌர்ணமி நெருங்கிவிட்டது. அண்ணன் மறுபடி போய்ப் படுத்தார்.

"எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"இன்னும் கொஞ்சம் வரைஞ்சீங்கன்னா..."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "உங்க கொழுப்பு முக்கால்வாசி தசைக்கு உள்பக்கம் இருக்கு. அங்க குழாயும் எட்டாது, கத்தியும் எட்டாது. சோத்தைக் குறைச்சு நடங்க. எது செஞ்சாலும் வயிறு முழுசா போகாதுன்னு முதல் நாளே சொன்னேன், நீங்க பேனாவையே பாத்துட்டிருந்தீங்க."

புதுக் கோடு இல்லாமல் வெறும் வயிற்றோடு திரும்பி வந்தவரைப் பவுடர் டப்பாக்கள் சூழ்ந்துகொண்டன. அவர் யாரையும் பார்க்காமல் காப்பி வண்டியை நோக்கி நடந்தார். தம்ளர்களை நினைத்து, ஒரு பன்றி படுக்குமளவு இடம் விட்டு நின்றார். அங்கிருந்தே, ஆற்றின் அக்கரைக்கும் கேட்கும் குரலில், பௌர்ணமிக்குத் தன்னோடு வருவாளா என்று கேட்டார்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. என் அடுப்பில் பழம் கருகியது.

லம்துவன் முன்பலகையில் இருந்த தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்தட்டில் வைத்தாள். பலகையைத் துடைத்தாள்.

"ஏன் அங்கேருந்து கத்துறீங்க? கிட்ட வந்து கேளுங்க."