கோழிக்கடை பாய் சொன்ன தீர்ப்பு

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனைக் கோழிக்கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பிரியாணிக்கா குழம்புக்கா என்று யாரையும் கேட்கமாட்டார். வந்தவர் முகத்தைப் பார்த்தே துண்டு போடுவார், ஒருநாளும் தப்பியதில்லை.

காலையில் முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டிய என் கோழி, அன்று மதியம் கொல்லையில் கால் விறைத்துக் கிடந்தது. தன் பூந்தொட்டிகளைக் கிளறுகிறது என்று முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுக்காரி கத்தியிருந்தாள். எலிமருந்து வைத்தது அவள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். சாட்சியோடு போய் அவளை உண்டு இல்லை என்று ஆக்க, கோழியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

“அறுத்துப் பாருங்க பாய். விஷம்தானே?”

“செத்தத நம்ம கட்ட மேல வெக்க மாட்டேம்மா” என்றவர், வாசலில் பேப்பரை விரித்து, ஒரு பழைய கத்தியால் வயிற்றைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஒரு நொடி பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார்.

“விஷமெல்லாம் இல்லம்மா. டைம் வந்துச்சி, பூடிச்சி. வீட்டுக்குப் போங்க. யார்கிட்டயும் சண்ட வாணாம்.”

பக்கத்து வீட்டைப் பற்றி நான் மூச்சுகூட விட்டிருக்கவில்லை.

வெறும் கண்ணால் பார்த்து விஷமா இல்லையா என்று சொல்லவே முடியாது என்று, வெகுநாள் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். அதற்குள் எனக்கு டெங்கு வந்து போயிருந்தது. பத்து நாளும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தது அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான்.

அதில் பாதிக் கஞ்சி, பாய் அன்று சொன்ன தீர்ப்பு ஊற்றியது.