விட்டுப்போன ‘ங்க’

மேடையில் ஒரு பெண் தன் கடைசி வசனத்தில் இரண்டே எழுத்துகளை விட்டுவிட்டாள் என்பதற்காக நான் எழுந்து நின்று பேசினேனே, அன்று நான் காப்பாற்ற நினைத்தது யாருடைய மரியாதையை?

கோவையில் புதிய நாடகம் எங்கே நடந்தாலும் போய்விடுவது என் வழக்கம். கல்லூரி அரங்கு, திருமண மண்டபம், தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடி என்று எனக்கு எந்த இடமும் ஒன்றுதான். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் சிறிய அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு பிள்ளை ஏன் நின்றது என்று பகலெல்லாம் கேட்டுக் கேட்டுப் படிவத்தில் எழுதுபவளுக்கு, மாலையில் யாரோ எழுதி யாரோ பேசுவதைச் சும்மா உட்கார்ந்து கேட்பது பெரிய ஆறுதல். ஆனால் நான் சும்மா உட்காருவதில்லை. மடியில் ஒரு நோட்டு இருக்கும். கொங்குத் தமிழில் பிழை வந்தால் இருட்டிலேயே குறித்துக்கொள்வேன்.

அதற்குக் காரணம் உண்டு. முன்பு வெளியூர்க் குழு ஒன்றின் இசை நாடகத்தில் இரண்டு திருடர்கள் பூட்டை உடைக்கும் காட்சி வந்தது. ஒருவன் மற்றவனிடம், “உடைங்க, சீக்கிரமா உடைங்க” என்றான். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் பேச்சு மற்றவர்களுக்குக் கேலிப்பொருள் ஆகிவிட்டதே என்ற குமைச்சல் அன்றிலிருந்து என்னோடு இருந்தது.

ஆகவே, எங்கள் பகுதிக் குழுவே ஒரு புதிய பாட்டு நாடகம் போடுகிறது என்று தெரிந்ததும் ஆர்.எஸ்.புரத்து அரங்கில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாழைத் தோட்டத்துப் பண்ணையக்காரர் வீட்டில் பல வருடங்களாக வேலை செய்யும் பெண்ணின் கதை அது. மகளைக் கல்லூரியில் சேர்க்க அவளுக்கு ஒரு நாள் லீவு வேண்டும். பண்ணையக்காரர் மறுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. “பாக்கலாம் போ” என்பார். அவளும் “சரிங்க” என்று போய்விடுவாள். ஆர்மோனியமும் தவிலும் ஒரு கிட்டாரும் சேர்ந்து வாசிக்க, அவள் பாடிய பாட்டுகளின் ஒவ்வோர் அடியும் ‘ங்க’வில் முடிந்தது. மூன்றாவது பாட்டில் கூட்டமே அந்த ‘ங்க’வுக்குத் தாளம் தட்டத் தொடங்கிவிட்டது. பண்ணையக்காரர் பால்காரரிடம் ‘ங்க’ போட்டார், கரண்ட் ஆபீஸ்காரரிடம் போட்டார், நாலு வயதுப் பேரனைக்கூட “வாங்க சாமி” என்றார். ‘வழக்கு மிகச் சரி’ என்று நோட்டில் எழுதினேன். அவளை மட்டும் அவர் ‘வா, போ’ என்றது என் காதில் விழுந்தது. எழுதத் தோன்றவில்லை.

மகளைச் சேர்க்க வேண்டிய கடைசி நாளும் கடந்துவிடுகிறது. அவள் சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பண்ணையக்காரரிடம் சொல்கிறாள்: “நாளைக்கு நான் வரமாட்டேன்.” விளக்கு அணைகிறது.

‘கடைசி வசனத்தில் ங்க விட்டுப்போச்சு’ என்று குறித்தேன்.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் கருத்துக் கேட்டார். பகலில் பம்ப் பட்டறை நடத்தும் ஐம்பது வயதுக்காரர் அவர். நான் எழுந்து, நாடகத்தைப் பாராட்டிவிட்டு, “கடைசி வரி மட்டும் இடறுதுங்க. எவ்வளவு கோபம் வந்தாலும் நம்மூர்க்காரங்க மரியாதைய விடமாட்டாங்க. அது நம்ம அடையாளம்” என்றேன். கைதட்டல் எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “அம்மணி சரியாச் சொன்னீங்க. நாமெல்லாம் நாயக்கூட மரியாதையாத்தான் வெரட்டுவோம்” என்றதும் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

அந்த நடிகைக்கு நாற்பது வயதிருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர் என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். வேஷம் கலைக்காமல் நின்றவர் என்னைப் பார்த்து, “சரிங்க” என்றார்.

யாரோ நான் பேசியதைப் படம் பிடித்திருந்தார்கள். இரண்டு நாளில் அது வாட்ஸாப்பில் சுற்றி எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கே வந்து சேர்ந்தது. பெரியப்பா, “நம்ம மானத்தக் காப்பாத்திப்போட்ட கண்ணு” என்று எழுதினார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நடிகை சொன்ன “சரிங்க” மட்டும் எனக்குள் உட்கார இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டும்போதும், படிவம் நிரப்பும்போதும் திடீரென்று கேட்கும். நாடகத்தில் லீவு கிடைக்காமல் திரும்பும்போதெல்லாம் அவர் சொன்ன “சரிங்க” அது என்பது நாலாம் நாள்தான் பிடிபட்டது. அதே குரல், அதே இறக்கம்.

அடுத்த ஆட்டம் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மண்டபத்தில். சனிக்கிழமை மதியமே காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். அன்னூர் தாண்டுவதற்குள் நோட்டைத் திறந்து மூன்று முறை மூடினேன். எதற்காகப் போகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் வசனத்தை மாற்றியிருக்க வேண்டும் என்றும் தோன்றியது, மாற்றியிருக்கக் கூடாது என்றும் தோன்றியது.

மாற்றியிருந்தார்கள்.

“நாளைக்கு நான் வரமாட்டேனுங்க.”

விளக்கு அணைந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா தன் மருமகளிடம், “பாவம், ஒரு நாள் லீவுதான கேக்குது. குடுத்தா என்னவாம்?” என்றார். வேலையை விட்டுப் போகிறேன் என்று அவள் சொன்னது, நான் சேர்க்கச் சொன்ன இரண்டு எழுத்துகளால் நாளைக்கு ஒரு நாள் லீவு கேட்பதாக ஆகிவிட்டிருந்தது.

மேடைக்குப் பின்னால் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே இயக்குநர் பேசினார். “நீங்க சொன்னதுதானுங்க. வீடியோவப் பாத்துப்போட்டு, மரியாதையில்லாத நாடகம்னா எடம் இல்லீங்கன்னு மண்டபத்துக்காரர் சொல்லிட்டாரு.”

நடிகை முகத்தில் தேங்காயெண்ணெய் தடவிப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். “எழுதினதுல ‘ங்க’ இருந்துச்சுங்க. ஒத்திகையில நான்தான் அத எடுத்துப்போட்டேன்” என்றார். “அந்த ஒரு எடத்துக்காகத்தான் இந்த வேசத்துக்கே ஒத்துக்கிட்டேன். எங்கம்மா தோட்டத்து வேலைக்குப் போனவங்க. சாகறவரைக்கும் அவங்களால அந்த எழுத்த விட முடியலீங்க. நானாவது மேடையில விட்டுப் பாக்கலாம்னு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், சாதாரணமாகக் கேட்டார். “உங்க ஊட்ல வேலைக்கு ஆள் வருதுங்களா?”

“வர்றாங்க.”

“எப்படிக் கூப்புடுவீங்க?”

“பேர் சொல்லி.”

“உங்களவிடச் சின்னவங்களா?”

“இல்லீங்க. அம்மா வயசு.”

“அவங்க உங்கள?”

“அம்மணின்னு. வாங்க, போங்கன்னு.”

அவர் எண்ணெய்ப் பாட்டிலை மூடினார். “கடைசி பஸ் போயிருமுங்க. கெளம்புங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாளே, நான் பேசியது தவறு, அந்த ‘ங்க’ இல்லாததுதான் நாடகம் என்று எல்லாக் குழுக்களிலும் எழுதினேன். “சொன்ன சொல்ல மாத்தப்படாது கண்ணு” என்றார் பெரியப்பா. பழைய வீடியோ மட்டும் புதிது புதிதாக யாரிடமிருந்தோ வந்துகொண்டே இருந்தது. ஒரு மண்டபம் நிபந்தனை போட்டதுபோல் இன்னொன்றும் போட்டால் அந்தக் குழு என்ன செய்யும் என்று யோசித்தேன். அந்த வரி திரும்ப வரவே வராதோ என்றும் யோசித்தேன். இயக்குநரைக் கூப்பிட்டு, வசனத்தைப் பழையபடி வைக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்தார். “மொதல்ல சேக்கச் சொன்னீங்க, இப்ப எடுக்கச் சொல்றீங்க. மூணாவது ஆட்டம் அந்தம்மா ஊர்லயே நடக்குதுங்க. அவங்க இஷ்டத்துக்கு உட்டுறலாமுங்க” என்றார். அதற்குப் பிறகுதான், இரண்டு முறையும் நான் அந்த நடிகையைக் கேட்காமலேயே அவருடைய வாய்க்குள் கை விட்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தகரக்கூரை போட்ட கூடத்தில் நடிகையோடு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ‘ங்க’ பாட்டுக்கு இங்கேயும் தாளம் தட்டினார்கள். சாணிக்கூடை இறங்கியது.

“நாளைக்கு நான் வரமாட்டேன்.”

விளக்கு அணைவதற்குள், நடுவரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் அந்த வசனத்தை முடித்து வைத்தது. “...ங்க.”

சிலர் சிரித்தார்கள். நடிகை இடப்பக்கமாக வெளியேற வேண்டிய இடம் அது. வெளியேறவில்லை. குரல் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். விளக்குக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் விளக்கை அப்படியே விட்டிருந்தார். நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன்.

“வரமாட்டேன்” என்றார் அவர் இன்னொரு முறை, மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. விளக்கு அணைந்தது. கைதட்டல் பின்னாலிருந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து தொடங்கியது.

கருத்துச் சொல்லும் நேரத்தில் எழுந்தேன். “கோவையில இது தப்புன்னு சொன்னது நான்தானுங்க. தப்பு என்னுது” என்றேன். இன்னும் ஏதோ சொல்வதற்காக நின்றுகொண்டே இருந்தேன்.

“உக்காருங்க அம்மணி, பின்னாடி மறைக்குது” என்றார் நடிகை மேடையிலிருந்து. கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வருபவரிடம், “வாங்க அக்கா” என்றேன். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “ஏனுங்க அம்மணி, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?” என்றார். இல்லை என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அம்மா இன்னும் அவரை ‘வா’ என்றுதான் சொல்கிறார். அதைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் முடியவில்லை. அந்த அக்கா என்னை ‘ங்க’ போட்டே கூப்பிடுகிறார். அதை நான் திருத்துவதில்லை. நான் அவரை ‘வாங்க’ என்கிறேன். நாடகத்துக்கு நோட்டு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன்.