பன்னிரண்டு வீடும் ஆறு நாற்காலியும்

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிப்பது என் தொழில். நாட்டில் டொலர் தீர்ந்துபோன காலத்தில் வகுப்பில் எனக்கு நல்ல மவுசு. எரிவாயு ஏன் இல்லை, ரூபாய் ஏன் விழுந்தது, உரம் ஏன் வரவில்லை, எல்லாவற்றுக்கும் கரும்பலகையில் ஒரு கோடு கீறி விளக்கம் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர்களில் பலர் காலையில் பாலில்லாத வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். மனிதர்கள் தங்களுக்கு எது நன்மையோ அதைத்தான் செய்வார்கள் என்பது எங்கள் பாடத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. நானும் அதை நம்பித்தான் படிப்பித்தேன்.

நான் இருப்பது ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். டவுனில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் டீச்சரான பிறகும் அங்கேயே இருக்கிறேன். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தாலும் சரி, தொழிற்சங்கத் தலைவர் வந்தாலும் சரி, ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் என் வீட்டு ஆறு பிளாஸ்டிக் நாற்காலியும் கண்ணாடி மேசையும் அந்த வீட்டுக்குப் போய்விடும். இன்னொரு வீட்டிலிருந்து பூப்போட்ட கோப்பைகள், வேறொரு வீட்டிலிருந்து நல்ல படுக்கை விரிப்பு. யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. வந்தவர் போனதும் எல்லாம் அதது வீட்டுக்குத் திரும்பிவிடும்.

கடைசி வீட்டு அக்கா கொழுந்து பறிக்கிறவர். அவருடைய கணவர் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து, இடுப்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தார். மகள் என் மாணவி. கெட்டிக்காரி, வாய்க்காரியும்கூட. பல்கலைக்கழகத்துக்குப் போவாள் என்று நான் பாடசாலையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உரம் இல்லாமல் மலையில் கொழுந்து குறைந்தது. நாள் முழுக்க மலையில் நின்றும் அக்காவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது, அதாவது பாதிச் சம்பளம். கோதுமை மா விலை ஏறியபோது ரொட்டியின் அளவு சுருங்கியது. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் மகளுக்கு வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அரசாங்கம் ஏதோ நிவாரணம் குடுக்கப் போகுதாமே டீச்சர். அது கெடச்சா புள்ள படிக்கட்டும். இல்லாட்டி தீவாளி முடிஞ்சதும் அனுப்பிர வேண்டியதுதான். வேற என்னா செய்ய?" என்றார் அக்கா.

நிவாரணத்துக்காக வீடு வீடாக வந்து விபரம் எடுப்பார்கள் என்ற செய்தியை லயத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். "வெள்ளிக்கிழமை ஆள் வர்றாங்க, எல்லாரும் வீட்டுல இருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவே போதுமாக இருந்தது.

வந்தவர் டவுனைச் சேர்ந்த இளைஞர், கையில் ஒரு போன். முதல் வீட்டில் நாற்காலி போட்டோம். பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தோம். அவர் எழுந்து முன்வாசலால் இறங்கும்போதே நாற்காலிகள் பின்னால் குசினிப் பக்கமாக அடுத்த வீட்டுக்கு ஓடின. கண்ணாடி மேசையை நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடினேன், சிரிப்பை அடக்க முடியாமல். ஒரு வீட்டில் இடம் போதவில்லை என்று தையல் மெஷினைத் தூக்கிக் கடைசி வீட்டுக்குள் வைத்தார்கள். அப்படியாக அக்காவின் வீட்டில் அன்றைக்கு ஆறு நாற்காலி, கண்ணாடி மேசை, தையல் மெஷின் எல்லாம் இருந்தன. இளைஞர் பொருட்களைப் பார்த்துப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கு அக்கா கூச்சத்தோடு தலையாட்டினார். கஷ்டமா என்று கேட்டதற்கு, "ஏதோ இருக்கோம் தம்பி, நீங்க தேத்தண்ணி குடிங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

பட்டியல் ஒட்டியபோது எங்கள் லயத்தில் மூன்று வீட்டுப் பெயர்தான் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. காரணம் கேட்கப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் அக்கா வீட்டு விபரத்தைத் திரையில் காட்டினார். என் நாற்காலிகளும் என் மேசையும் பக்கத்து வீட்டு மெஷினும் வரிசையாக இருந்தன. மெஷினுக்குப் பக்கத்தில், சுயதொழில் வருமானம் உண்டு என்று வேறு போட்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு பெண்கள் சிரித்துச் சிரித்து ஒரு கதை பேசிக்கொண்டு வந்தார்கள். டவுனில் யாரோ ஒருவர் கணக்கெடுக்க வந்த அன்று பிரிஜ்ஜைச் சேலையால் மூடி, ஆட்டோவைத் தம்பி வீட்டில் நிறுத்திவிட்டாராம். பாடப் புத்தகம் சொன்ன மனிதர் அவர்தான். கொழும்பிலிருந்து இந்தக் கேள்விகளைத் தயாரித்தவர்களும் அவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான், ஒளித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்திருப்பார்கள். இல்லாததை எடுத்துவந்து வைப்பவர்கள் இருப்பார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களைக் குறை சொல்லி என்ன, கேள்வி இப்படித்தான் வரும் என்று யோசித்திருக்க வேண்டிய பொருளியல் டீச்சரே மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடினாளே. என் மீது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். நான் எழுதிக்கொண்டு போனேன். கணவரின் நிலைமை, அரைப்பேர், மகளின் படிப்பு, எல்லாவற்றையும் வாசிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிகள் இரவல் என்ற வரி வந்ததும் கையை நீட்டிக் கடிதத்தை மூடினார்.

"அது வேணாங்க டீச்சர். வந்த மனுசன இரவல் நாக்காலில உக்கார வச்சேன்னு நானே எழுதிக் குடுக்கவா? நாளைக்கு நாலு பேரு படிப்பாங்க."

"எழுதாட்டி கெடைக்காதுக்கா."

"கெடைக்காட்டி போகட்டும்."

அந்த வரியை வெட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அது இல்லாத கடிதத்துக்குப் பலன் இருக்காது என்று எனக்குத் தெரியும். மறுநாள் இடைவேளையில் மகளைக் கூப்பிட்டேன். திரும்பப் பார்க்க ஆள் வந்தால் நீயே உண்மையைச் சொல்லிவிடு, அம்மா சொல்ல மாட்டார் என்றேன். சரி மிஸ் என்று தலையாட்டினாள்.

மறுபரிசீலனைக்கு ஒரு சிங்கள அம்மையார் வந்தார், முன்கூட்டிச் சொல்லாமல். அது ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருந்தோம். லயத்து ஆட்கள் பழக்கத்தில் நாற்காலி தூக்க என் வீட்டுப் பக்கம் வந்தார்கள். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அம்மையார் கடைசி வீட்டில் உட்கார இடமில்லாமல் நின்றார். அக்கா கட்டில் ஓரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். அப்போது மகள் சிங்களத்தில் பேசினாள். அன்றைக்கு இருந்த எதுவும் எங்களுடையதில்லை, எங்களிடம் இந்தக் கட்டிலும் பாத்திரமும்தான் இருக்கின்றன, அம்மா வெட்கப்பட்டுச் சொல்லவில்லை என்றாள். சிங்களத்தில் சொன்னால் அம்மாவுக்கு அவ்வளவாக விளங்காது என்று நினைத்தாளோ என்னவோ. கடையிலும் ஆஸ்பத்திரியிலும் காலமெல்லாம் சிங்களம் கேட்ட அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. துடைத்த கை அப்படியே நின்றது.

அடுத்த பட்டியலில் பெயர் வந்தது. கொழும்புப் பேச்சு நின்றது. மகள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை. என்ன என்று துருவிக் கேட்டபோது, "அம்மா என்னோட பேசுறதில்ல மிஸ். அன்னைலருந்து" என்றாள். தீபாவளிக்குக்கூட ஒரு வார்த்தை இல்லையாம். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாராம்.

அன்று மாலை கடைசி வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள்.

"அவமேல ஏங்க்கா கோவம்? நெசத்தத்தானே சொன்னா."

"நெசந்தான் டீச்சர். யாரு இல்லன்னா? அத நான் சொல்லியிருக்கணும், இல்லாட்டி சொல்லாம இருந்திருக்கணும். நான் பெத்த புள்ள, என் வீட்டுல நின்னுக்கிட்டு, வந்தவங்க முன்னால என்னைய ஒண்ணுமில்லாதவளாக்கிட்டாளே." கத்தியைக் கட்டையில் குத்தி வைத்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அது அவளுக்காத் தோணுச்சா? இல்ல நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

ஒரு கணம் வேறு பதில் தேடினேன். "நான்தாங்க்கா சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

அக்காவின் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தேன். விறகை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். "எந்திரிச்சு வா புள்ள, ரொட்டி ஆறுது" என்று மகளைக் கூப்பிடுவது கேட்டது.

அன்றிலிருந்து மகளோடு பேசுகிறார். என்னோடு பேசுவதில்லை.