மரக்கறிச் சட்டியில் ஏறிய இறைச்சி

2025 ஒக்டோபர் 20, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். முரசுமோட்டையில் காலையில் பிடித்த தூறல் விடவில்லை. தீபாவளி. குசினியில் இரண்டு சட்டி ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்புக்கும் வாசற் படலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வவுனியாவிலிருந்து மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், மருமகனின் தாய் தகப்பன் என்று ஆறு பேர் இராச்சாப்பாட்டுக்கு வரவிருந்தார்கள். மனைவி காலமாகி ஒன்றே முக்கால் வருடம். "தனிய இருந்து என்னத்தைச் சாப்பிடுறியளோ தெரியாது. தீபாவளிக்கு வந்து போகேக்க உங்களையும் ஏத்திக்கொண்டுதான் போறது" என்று மகள் முன்னரே சொல்லியிருந்தாள். "வந்து நான் சமைச்சதைச் சாப்பிட்டுப் பார். அதுக்குப் பிறகும் சரிவராது எண்டு நினைச்சால் வாறன்" என்று நானும் வாயை விட்டுவிட்டேன். வயல் விதைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. முளைத்ததைப் பார்க்காமல் வவுனியாவில் ஒரு மேல்மாடி அறையில் எப்படி இருப்பது?

வாய்க்காலுக்கு அப்பால் இருப்பவர் தீபாவளிக்கு ஆடு அடித்து ஊரவருக்குப் பங்கு போடுவார். வழக்கமாக ஒரு பங்கு எடுப்பேன். இம்முறை இரண்டு.

"கிளாக்கர் ஐயா, ரெண்டு பங்கோ? கலியாணம் கிலியாணம் செய்யப் போறியளோ?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கு நான் கிளாக்கர்தான்.

"உமக்குச் சொல்லாமலோ செய்வன்?" என்று சொல்லி வாங்கி வந்தேன். ஈரலைக் குறைத்துவிட்டாரோ என்று வீட்டில் கொட்டி எண்ணியும் பார்த்தேன். ஏழு துண்டு. குறை சொல்ல முடியாது.

இரண்டு பங்கும் இறைச்சிச் சட்டிக்குள் அடங்கவில்லை. பக்கத்தில் கவிழ்த்திருந்த மண்சட்டியை எடுத்து மிச்சத்தைப் போட்டேன். இருந்த ஒரே அகப்பையால் இரண்டையும் கிண்டி, அதே அகப்பையைச் சோற்றுப் பானைக்குள்ளும் விட்டேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

"அப்பா, மாங்குளத்தில தேத்தண்ணிக்கு நிப்பாட்டியிருக்கிறம். நானும் மாமியும் விரதமெல்லே, எங்களுக்கு மரக்கறி தனிய வையுங்கோ. சோறும் ஒரு பருப்பும் காணும்."

"இண்டைக்கு என்ன விரதம் பிள்ளை?"

"கேதாரகௌரி அப்பா. நாளைக்குத்தான் காப்புக் கட்டி முடிக்கிறது. அம்மா வருசா வருசம் பிடிச்சது. மறந்திட்டியளோ?"

"இல்லையில்லை, ஞாபகம் இருக்கு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். இருபத்தொரு நாள், பகல் முழுதும் பட்டினி கிடந்து பொழுதுபடத்தான் ஒருவேளை மரக்கறிச் சோறு. என் மனைவி ஒரு சட்டியில் எனக்கு இறைச்சி காய்ச்சுவாள், மற்றச் சட்டியில் தனக்குப் பருப்பு. அந்த இரண்டு சட்டியும் ஒருநாளும் மாறியதில்லை. தேங்காயை, விறகை, கூரையில் ஒழுக்கு விழும் இடங்களை எண்ணுகிற நான், தீபாவளியில் என் சட்டியை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இப்போது அவளுடைய சட்டியில் இறைச்சி கொதித்தது.

அவர்கள் வர ஒரு மணித்தியாலம் இருந்தது. இறைச்சியை ஒரு தட்டத்தில் கொட்டி அந்தச் சட்டியை வெறுமையாக்கி, சாம்பலும் புளியும் போட்டு இரண்டு தரம் தேய்த்தேன். மணந்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் மணந்தேன். இதிலேயே பருப்பைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தால் அல்லவா என்னை வான் வண்டியில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோவார்கள்? தண்ணீர் வைத்தேன். சூடானதும் மேலே நெய்ப்பொட்டுகள் மிதந்தன. எண்ணத் தொடங்கிப் பதினொன்றில் நிறுத்தினேன். கரண்டியால் வழித்திருக்கலாம்தான். ஆனால் இத்தனை நாள் பட்டினி கிடந்த இரண்டு பேர். தண்ணீரை முற்றத்தில் ஊற்றிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டேன்.

பிறகு அடுப்பில் வைக்க, இறைச்சி படாததாகத் தேத்தண்ணிக் கேத்தல்தான் மிச்சம். அலுமாரிக்கு மேலே ஒரு புதுப் பானை இருந்தது. மனைவி தைப்பொங்கலுக்கென்று வாங்கிவைத்து, பொங்கலுக்கு நாலு நாள் முந்திப் போய்விட்டாள். அதை இறக்கித் தூசி கழுவினேன். குசினிக்குள் வைக்க மனம் வரவில்லை. சைக்கிள் நிற்கும் தகரக் கொட்டிலுக்குள் மூன்று கல் வைத்து, அரிசியும் பருப்பும் பூசணிக்காயும் ஒன்றாகப் போட்டுக் கழுவிய தென்னம்மட்டைத் துண்டால் கிண்டினேன். ஈர விறகு. புகையில் கண் தெரியவில்லை. உப்புப் போட்டேனா என்பதும் ஞாபகமில்லை. அதற்குள் வான் வந்து நின்றது.

"என்னப்பா இது, மழைக்குள்ள?" என்று மகள் ஓடிவந்தாள். கவிழ்ந்து கிடந்த சட்டி கண்ணில் பட்டது. "இது அம்மாவின்ர மரக்கறிச் சட்டியெல்லே?"

"ஓம். இறைச்சி போட்டிட்டன். சோறும் பழுதாப்போச்சு. உங்கட விரதம் எனக்கு ஞாபகமே இல்லைப் பிள்ளை. கழுவித் தண்ணியும் வைச்சனான், பிறகு மனம் கேக்கேல்லை, ஊத்திட்டன்."

"இதுக்குத்தான் நான் சொன்னனான்" என்றாள் மகள்.

விறாந்தைக் கதிரையில் இருந்த சம்பந்தியம்மா கேட்டா: "அதிலயே காய்ச்சித் தந்திருந்தா எங்களுக்கு ஆர் சொல்லப்போகினம் அண்ணை?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப பேந்தென்ன பிள்ளை, கொப்பாவைப் பேசுறாய்?" என்று சம்பந்தியம்மா மகள் பக்கம் திரும்பினா.

"எனக்குச் சந்தோசம்" என்றார் அவவின் கணவர். "ரெண்டு சட்டி இறைச்சியும் எங்கட பக்கம்."

பொழுதுபட்டதும் வாழையிலை போட்டேன். விரதக்காரர் இருவரும் விறாந்தையில், மற்றவர்கள் உள்ளே. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். இருக்கப் பிடிக்கவில்லை.

"உப்புக் காணாது அண்ணை" என்றா சம்பந்தியம்மா. சற்றுப் பொறுத்து, "இன்னுங் கொஞ்சம் போடுங்கோ. உப்பில்லை, சோறு."

மகள் பானையைப் பார்த்தாள். "இது எப்ப வாங்கினது?"

"கொம்மா பொங்கலுக்கு வாங்கினது."

அவள் குனிந்து சாப்பிட்டு முடித்தாள். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

புறப்படும்போது கதவுக்குப் பின்னால் நான் கட்டிவைத்திருந்த பையை அவள் கண்டுவிட்டாள். நான்கு வேட்டி, மூன்று சேட், கண்ணாடிக் கூடு. தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள கொண்டுபோய் வையுங்கோ" என்று கையில் தந்தாள். "பொங்கலுக்கு வாறம். அதுக்கிடையில ஒரு புது மரக்கறிச் சட்டியும் ரெண்டு அகப்பையும் வாங்குங்கோ. பின்னேரத்தில என்ன சமைச்சனீங்கள் எண்டு ஒவ்வொருநாளும் எனக்குச் சொல்லோணும்."

"பொங்கல் பானையும் வாங்கோணும்" என்றேன்.

"ஓம், அதுவும்."

மறுநாளும் மழை. சட்டி உடையுமென்று சைக்கிளை விட்டு ஓட்டோவில் பரந்தன் சந்தைக்குப் போய் வந்தேன். இரண்டு பங்கு இறைச்சி, தேங்காய், கறிச்சரக்கு, பூசணிக்காய், சட்டி, பானை, அகப்பைகள், ஓட்டோக் கூலி எல்லாமாகப் பத்தாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.