இடப்பக்கம் நின்றவன்

இப்ராகிம் ராவுத்தரின் சாவுக்கு நான்தான் காரணம். ஊர் அதை விபத்து என்றது. நானும் அப்படியே சொல்லி வந்தேன். உங்களிடம் மட்டும் இன்று உண்மையைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். "வயசானவங்க விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்டு வாராங்க மாஸ்டர். காலையில அவங்களுக்கும் கொஞ்சம் பயிற்சி குடுங்களேன்" என்று தெரிந்த டாக்டர் ஒருவர் கேட்டார். பன்னிரண்டு கிழவர்கள் வேட்டியை மடித்துக் கட்டி மைதானத்தில் வரிசையாய் நின்றார்கள்.

மாதம் ஒருமுறை சோதனை. கையூன்றாமல் பெஞ்சிலிருந்து பத்துத் தடவை எழ வேண்டும். சுண்ணாம்புக் கோட்டின்மேல் அடிமேல் அடிவைத்து நடக்க வேண்டும். கடைசியில், கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நான் பத்து எண்ணும்வரை நின்றால் தேர்ச்சி. பலர் நாலைத் தாண்டியதில்லை.

ராவுத்தர் தோல் வியாபாரி. எழுபது வயது. பெஞ்சிலிருந்து எழவே மூச்சு வாங்கும். கோட்டின்மேல் தள்ளாடுவார். ஆனால் கண்ணை மூடியதும்... முப்பது! உடல் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். எவரும் விழுந்துவிடும் சாய்வு அது. இடது கை மட்டும் சற்று உயர்ந்து, எதையோ பற்றியதுபோல் விரல்கள் மூடியிருக்கும்.

"எப்படி நிக்கிறீங்க ராவுத்தரே?"

"இடப்பக்கம் ஒருத்தர் வந்து கையைப் பிடிச்சுக்கிறாரு மாஸ்டர்."

"யாரு?"

"கண்ணை மூடினாத்தான் வாராரு. அப்புறம் மூஞ்சியை எங்க பாக்குறது?"

அவர் சிரிக்கவில்லை. அந்த மூடிய விரல்களுக்குள் என் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே வெற்றிடம்தான், கண்ணால் கண்டேன். ஆனால் விரல் நுழையவில்லை! சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

பயந்தேனா? பயந்தேன். ஆனால் பெருமையும் பட்டேன்! என் பயிற்சியால் எழுபது வயதுக்காரர் முப்பது எண்ணும்வரை நிற்கிறார் என்று டாக்டரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் மகிழ்ந்துபோய், மதுரையிலிருந்து இரண்டு டாக்டர்களை அழைத்தார். அம்மாதம் தேறியவர்களை அவர்கள் முன்னே ஊர் மலைக்கோட்டையில் ஏற்றிக் காட்டுவதென்று முடிவாயிற்று.

அம்மாதச் சோதனையில் ராவுத்தர் மூன்றிலேயே தடுமாறிக் காலை ஊன்றினார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னைக்கு அவரு வரலை மாஸ்டர். நான் மலைக்கு வரலை. விட்டுருங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டில் அவர் பெயருக்கு நேரே முப்பது என்று எழுதினேன். அதோடு விட்டேனா... "மலைக்கு வந்துருவாரு. நீங்க வாங்க" என்றேன். நான் நம்பாத ஒன்றை அவர் நம்பும்படி சொன்னேன்! அல்லது... நானும் நம்பினேனோ?

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் கைதட்டினார்கள். இறங்கும்போது தூறல் விழுந்து பாறைப்படிகள் நனைந்திருந்தன. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். ராவுத்தருக்கு இடப்பக்கம், ஒரு கையெட்டும் தூரத்தில் நான் இருந்தேன்.

அவர் கால் வழுக்கியது. இடது கையை நீட்டினார்.

யாரிடம் நீட்டினார்? என்னிடமா? எங்கள் இருவருக்கும் நடுவே நின்றவரிடமா?

நான் பிடிக்கவில்லை! விரல்கள் காற்றில் மூடின. அந்தரத்தில் சாய்ந்தபடி அவர் உடல் ஒரு கணம் நின்றது. நின்றது... என் கண்ணாணை, நின்றது! யாரோ பிடித்துவிட்டார் என்று நான் சும்மா இருந்தேன். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. யாரோ பிரித்துவிட்டதுபோல.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அந்தக் கணம் உண்மையா? அல்லது என் கோழைத்தனத்தை மறைக்க நானே கட்டிக்கொண்ட பொய்யா? இத்தனை வருடமாய்க் கேட்டுப் பார்க்கிறேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து அவர் மகன் யூசுப் என்னைப் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அத்தா விழுகும்போது பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா மாஸ்டர்?"

"யாரும் இல்லைப்பா."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அதான் நானும் அம்மாகிட்டச் சொன்னேன். ஆள் இருந்தா பிடிக்காம விட்டிருப்பாங்களா?"

"விட்டிருக்க மாட்டாங்க" என்றேன்.